இரண்டாம் தரம்

காதர்பேட்டையில் கிலோ கணக்கு.
மூட்டையைப் பிரிக்காமல் வாங்கவேண்டும்.
அதிர்ஷ்டமிருந்தால் பிள்ளைகளின் அரைக்கை,
இல்லாவிட்டால் இந்தியா.

இந்தியா என்றால் கால்பந்து இந்தியா.
மட்டை பிடிக்கிற இந்தியாவுக்குத்
திருப்பூரிலேயே ஆள் இருக்கிறது.
இது காரைக்குடிச் சந்தைவரை வரும்,
தார்ப்பாயில் படுக்கும்,
பக்கத்துக் கீரைக்கட்டுக்குத் தெளிக்கிற தண்ணீரில்
பாதி நனையும்.

ஏழு வருடமாக விற்கிறேன்.
ஜெயித்தார்களா தோற்றார்களா, தெரியாது.
கழுத்து தெரியும்.
முதலில் வட்டக் கழுத்து,
பிறகு கூர்க் கழுத்து,
பிறகு ஒரு பொத்தான் வந்தது,
அடுத்த வருடம் பொத்தான் போய்
காஜா மட்டும் இருந்தது.
நீலம் ஒரு வருடம் வானம்,
ஒரு வருடம் கிணறு,
ஒரு வருடம் சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி.
தோளில் புலிவரி ஏறியது,
மறுவருடம் அக்குளுக்குள் போய் ஒளிந்தது.
கம்பெனி மாறினால் சாயம் மாறும்.
சாயம் போகுமா என்று கேட்பார்கள்.
போகும் என்றுதான் சொல்வேன்,
திங்கட்கிழமை தோறும் இதே முகத்தோடு
இங்கேதானே உட்காரவேண்டும்.

ஒன்பதாம் எண் கழனிவாசலில் பஞ்சர் ஒட்டுகிறது.
நான்காம் எண் செக்காலையில் சாரத்தின் மேல்.
பதினொன்றை வாங்கிய சாத்தையா
ஆத்தங்குடியில் பூக்கல் ஊற்றுகிறான்,
மார்பெல்லாம் காவியும் பச்சையும்,
இப்போது எந்த நாடு என்று சொல்ல முடியாது.
கோலியின் ஆரஞ்சு மட்டும் விலைபோகாது.
அது என் மேல்.

தொம்பா வந்தது போன மாசியில்.
கானாடுகாத்தான் ஓட்டலில் தட்டு எடுக்கிறான்,
ஊர் மணிப்பூர்,
தமிழ் இரண்டு வருடத் தமிழ்.
ஒவ்வொன்றாகத் தூக்கி விளிம்பைத் தடவினான்.
இது அந்த வருடம், இது இந்த வருடம்,
அதற்கெல்லாம் முன்னால் ஒரு காலம்
வெறுங்காலோடும் ஆடினார்களாம்.
‘அண்ணா, இடுப்பு சின்னதா ஒண்ணு வந்துச்சா?’

வந்தது. நாற்பது உருப்படி.
தையல்காரன் கண் அயர்ந்து
பக்கவாட்டை உள்ளே வாங்கிவிட்டான் என்று
ஐம்பது ரூபாய்க்குத் தள்ளினேன்.

அவன் சிரிக்கவில்லை.
பிழையில்லை அண்ணா, அது பொம்பளைங்க டீமுக்கு.
அவனுடைய அக்கா லெய்மா அதில் பதினேழு.
அதுவரை ஆண்கள் சட்டையைத்தான் கொடுப்பார்களாம்,
கையை இரண்டு மடிப்பு மடித்து
தொளதொளவென்று ஓடுவார்களாம்.
உடம்புக்கென்று வெட்டிய சட்டை
முதல்முதல் வந்த வருடம்
அவளுக்கு முட்டி போயிற்று.
போட்டுப் பார்த்தது ஒரு தடவை,
படம் எடுக்க.

எனக்கு மறதி அதிகம்,
ஆனால் பேரம் பேசியவர்களை மறப்பதில்லை.
பதினேழை முப்பத்தைந்துக்கு அடித்துப் பறித்தவள்
புதுவயல் ராக்கு.

அரிசி ஆலைக் களத்தில் இருந்தாள்,
அவிந்த நெல்லின் ஆவி,
காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு,
வெறுங்கால்.
புடவைக்கு மேல் அந்தச் சட்டை.
‘இருநூறு தரேன், குடு.’
‘மாட்டேன்.’
‘முந்நூறு.’
‘வேலைக்கு வந்த நாள்லேருந்து
எம்புருசன் சட்டை, எங்கண்ணன் சட்டை,
முதலாளி குடுத்த சட்டை.
இது ஒண்ணுதான்யா
எனக்கு அளவெடுத்தாப்புல இருக்கு.
வெவரம் தெரிஞ்சு கேக்குறியா,
தெரியாம கேக்குறியா?’

தொம்பா போனைக் காட்டிப் படம் கேட்டான்.
முகம் வேண்டாம் என்றாள்.
திரும்பி நின்றாள்.
தவிட்டுத் தூசி படிந்த பதினேழு,
ஏழின் கால் கொஞ்சம் உரிந்திருந்தது.

இம்பாலுக்குப் போன படத்துக்கு
நாங்கள் பேருந்து நிறுத்தம் வருவதற்குள் பதில் வந்தது.
அவன் படித்தான், யோசித்தான்,
தமிழில் சொல்லத் தெரியாமல்
கையால் தலைமேல் கூடை வைத்துக் காட்டினான்.

ஒரு நாளைக்கு எத்தனை என்று
கேட்கிறாளாம்.