இரண்டு புள்ளி மூன்று

ஏழுக்கு இரண்டு புள்ளி மூன்று.
வேதியியல், முதல் தேர்வு.
நான்குக்குக் கீழே எதுவானாலும்
இந்த நாட்டில் அதற்குப் பெயர் சிவப்பு.
பேராசிரியர் கறுப்பு மையில்தான் எழுதியிருந்தார்.
ஆனாலும் சிவப்பு.

யஸ்னா ஓயார்சுன்
தாளை நான்காய் மடித்து
மழைச்சட்டையின் உள்பையில் செருகினாள்.
அங்கேதான்
தீவுக்குத் திரும்பும் பஸ் டிக்கெட்டும் இருந்தது.
வால்திவியாவின் மழை
இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டது.

அச்சாவோவில் அவள் ஏழுக்காரி.
தலைப்புக்கு ஊதா, வரையறைக்குப் பச்சை,
ஆசிரியர் இருமுறை சொன்னதற்கு ஆரஞ்சு.
தேர்வுக்கு முந்தின ராத்திரி ஒன்று போதும்,
புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிடுவாள்.
காலையில் ஒரு சொட்டும் சிந்தாமல்
விடைத்தாளில் ஊற்றிவிட்டு
மதியம் பந்தாடப் போய்விடுவாள்.

இங்கே வாரத்துக்கு மூன்று அத்தியாயம்.
நுண்கணிதம் தனி.
ஆய்வக அறிக்கை, அது தனிப் பிசாசு.

மனிதர்கள் வழக்கமாகச் செய்வதையே
அவளும் செய்தாள்:
பலிக்காமல் போனதை
இன்னும் அதிகமாகச் செய்தாள்.
ஆறு பேனா ஒன்பதானது.
ராத்திரி மூன்று மணி,
ஈரவிறகு புகைகிற அடுப்பு,
'தெவிட்டிய கரைசல்' என்பதன் வரையறையைப்
பதினோராம் முறை
பச்சையில் எழுதிக்கொண்டிருந்தாள்.
எழுதிய கைக்குத் தெரியவில்லை
எழுதுகிறவளே அதுதான் என்று.

ஜூனில் ஒரு காற்று வந்து
தெரு முழுவதற்கும் மின்சாரத்தைப் பிடுங்கிப்போட்டது.
அறைத்தோழி டனிட்சா, வனவியல் படிப்பவள்,
இருட்டில் முட்டைக்கு உப்புத் தேடிக்கொண்டே கேட்டாள்:
"ஆமாம், உப்பு ஏன் தண்ணீரில் கரைகிறது?"

யஸ்னா ஒப்பித்தாள்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கமா உட்பட.

"இது என்ன என்பதற்கு.
நான் கேட்டது ஏன்."

இருட்டு.
எவ்வளவு கூப்பிட்டும் பதில் வரவில்லை.
வந்ததெல்லாம் பக்கம்:
இடது மூலை, பச்சை மை,
பக்கத்தில் ஒரு காபிக் கறை.
கறை மட்டும் மிகத் தெளிவாக.

முட்டை தீய்ந்தது.
இருவரும் தின்றார்கள்.

மறுநாள், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே
யாருக்கும் வேண்டாத அந்த ஐம்பது நிமிடத்தில்,
நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.
ஒரு கையில் எண்ணெய் சொட்டும் பூசணி வடை.
புத்தகத்தை மூடினாள்.
வெள்ளைத் தாள், பென்சில்.
என்ன மிச்சம் என்று பார்த்தாள்.

நாலு வரி.
அதில் ஒன்று தப்பு.

இவ்வளவு அசிங்கமான பக்கத்தை
அவள் வாழ்நாளில் எழுதியதில்லை.
அடித்தல், அம்புக்குறி, எண்ணெய் விரல்,
விடையைப் பார்க்காமலே முட்டிக்கொண்ட கணக்கு
பாதியில் நிற்கிறது, கேள்விக்குறியோடு.
அந்தக் கேள்விக்குறியைத் தூக்கிக்கொண்டு
பேராசிரியர் அறை வரை போய்
இரண்டு முறை திரும்பினாள்.
மூன்றாம் முறை கதவைத் தட்டினாள்.
அவர் ஊருக்குப் போயிருந்தார்.

பரவாயில்லை.
திரும்பி வருகிற வழியில்,
மீன்சந்தையின் பின்புறம்,
குடல் வீசுகிறவனைப் பார்த்துக்
கடற்சிங்கங்கள் கத்திக்கொண்டிருந்த இடத்தில்,
தண்ணீர் அயனியைச் சுற்றி வளைத்து
இழுத்துக்கொண்டு போவது
சட்டென்று தெரிந்தது.
சத்தமாகச் சொன்னாள்.
ஒரு சிங்கம் திரும்பிப் பார்த்தது.

இப்போதெல்லாம் பதினொரு மணிக்குத் தூங்குகிறாள்.
சில நாள் தூக்கம் வராமல்
குற்றவாளிபோல் கூரையைப் பார்க்கிறாள்.
பழைய கை இன்னும் பச்சைப் பேனாவைத் தேடுகிறது.

இரண்டாம் தேர்வு: மூன்று புள்ளி எட்டு.
இதுவும் சிவப்புதான்.

ஆனால் தாள் கைக்கு வருவதற்கு முன்பே
டனிட்சாவிடம் சொல்லியிருந்தாள்:
ஐந்தாவது போயிற்று,
எட்டாவதில் குறியை மாற்றிப் போட்டேன்,
மூன்று எழுபதிலிருந்து நாலுக்குள் வரும்.
தனக்கு எது தெரியாது என்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.
ஏழு வாங்கிய காலத்தில்
அது மட்டும் அவளிடம் இருந்ததில்லை.

ஊதாப் பேனா டனிட்சாவிடம் இருக்கிறது,
நாற்றுகளுக்குப் பெயர் எழுத.
மற்ற எட்டும்
ஜன்னலோரக் குவளையில்.
மழை.
டிக்கெட்டை மட்டும் பிரித்தெடுத்து
அடுப்புக்கு மேலே காயப் போட்டிருக்கிறாள்.
தேதி அழிந்துவிட்டது.