இரண்டு கோடு

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி, ஏழாம் எண் அறை.
ஊர்ப் பேரிலேயே மஞ்சள் இருக்கிறதே என்று
புதிதாய் வரும் டாக்டர்கள்
ஒருமுறையாவது சிரித்துவிடுவார்கள்.
பதினோரு வருஷமாய் நான் சிரிக்கவில்லை.

என் வேலை கோடு எண்ணுவது.
விரல்நீள அட்டை, நடுவில் ஒரு ஜன்னல்,
ஒரு சொட்டு, பதினைந்து நிமிஷம்.
ஒன்று என்றால் போகலாம்.
இரண்டு என்றால் உட்காருங்கள்.

தேவனாம்பட்டினம் மணியரசிக்கு
ஒரே காலையில் இரண்டு அட்டை வைத்தேன்.
முதலாவதில் இரண்டு கோடு:
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
அடுத்ததிலும் இரண்டு கோடு:
அதற்கும் சிரித்தாள், தெரியாமல்.

"காமாலையா? என் கண்ண பாருங்க மேடம்,
மஞ்சளே இல்லையே."

பி அப்படித்தான்.
வாடகை தராமல் முப்பது வருஷம்
சத்தமின்றிக் குடியிருக்கும்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்;
இங்கே கண்ணும் வெள்ளை, காண்பதும் வெள்ளை,
ஈரல் மட்டும் உள்ளே
கடன் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்.

"அது தண்ணியில வர்றதுதானே?
போன மழைக்கு எங்க தெருவே படுத்துச்சு."

அது வேறு, மணியரசி.
கெடிலம் கரை மீறிய ஐப்பசியில்
குழாயோடு சாக்கடை கலந்து வந்தது ஏ-யும் ஈ-யும்.
ஓய்வும் கொதித்து ஆறிய தண்ணீரும்தான் அதற்கு வைத்தியம்.
பெரும்பாலும் தானாக வந்து தானாகப் போகும்,
பேரைக் கீழாநெல்லி தட்டிக்கொள்ளும்.
ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் ஈ
அத்தனை மரியாதையாய் நடக்காது.
அந்த மழையில் ஒருத்தியைப்
புதுச்சேரிக்கு ஏற்றி அனுப்பினோம்.
வண்டி மட்டும் திரும்பி வந்தது.
(இதை அவளிடம் சொல்லவில்லை.)

முதுநகர் ஹாஜா மைதீனுக்கு சி.
டயாலிசிஸுக்குப் போன இடத்தில் ஒட்டியது.
பன்னிரண்டு வாரம் மாத்திரை,
இப்போது ரத்தத்தில் அதன் சுவடில்லை.
என் அட்டை மட்டும் இன்னும்
இரண்டு கோடு காட்டுகிறது அவருக்கு.
அட்டைக்கு மறக்கத் தெரியாது.

டி என்றும் ஒன்று உண்டு,
பி-யின் தோளேறி மட்டுமே வரும்.
உனக்கு அது இல்லை. நிம்மதியாய் இரு.

"அப்ப எனக்கும் பன்னண்டு வாரம் குடுங்க."

இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை கட்டும்.
பி போகாது, மணியரசி. அடங்கும்.
ஆறு மாசத்துக்கொருமுறை ரத்தம், ஸ்கேன்.
ஏழாம் மாசம் முதல் தினம் ஒரு மாத்திரை.
உன் புருஷனுக்குப் பரிசோதனை,
ஒற்றைக் கோடென்றால் மூன்று ஊசி.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"எங்கம்மா அஞ்சலாட்சி
வயிறு ஊதித்தான் செத்தாங்க.
சாராயம்னு ஊரே பேசுச்சு.
அவங்க மோந்துகூடப் பாத்ததில்ல."

மறுவாரம் வந்து எழுதித் தரச் சொன்னாள்.
மாமியார் தனி டம்ளர் வைத்துவிட்டாளாம்.
சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
தட்டு, டம்ளர், முத்தம், பாய், எதுவும் பிரிக்க வேண்டாம்.
பிளேடும் பல்துலக்கும் பிரஷும் மட்டும் தனி.
கையெழுத்துப் போட்டேன். பத்தாது என்றாள்.
சீலும் வைத்தேன்.

மாசி மகத்தன்று வலி எடுத்தது.
ஊர்ச் சாமிகளெல்லாம் கடலுக்குக் குளிக்கப் போன நாள்.
தடுப்பூசி எங்கள் குளிர்பெட்டியில் இருந்தது,
கூடப் போட வேண்டிய இன்னொரு ஊசி இல்லை.
புதுச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்துப்
பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.
பேருந்து மேளத்துக்கும் பல்லக்குக்கும் பின்னால்
ஊர்ந்து ஊர்ந்து வந்தது.
பன்னிரண்டு மணி நேரம்தான் கெடு.
எட்டாவது மணியில், வேர்த்த சட்டையோடு,
பெட்டியைத் தலையில் சுமந்தபடி
ஓடி வந்தான் அவள் புருஷன் வீரபுத்திரன்.
ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று.
குழந்தை ஊரைக் கூட்டியது.
பால் கொடுக்கலாமா என்று கேட்டாள்.
கொடு என்றேன்.

அடுத்த சித்திரையில் மூவரும் வந்தார்கள்.
ஆறு பற்கள் வந்திருந்தன அவளுக்கு;
என் கையுறையைக் கடித்தாள்.
ஒரு சொட்டு.
பதினைந்து நிமிஷமும் யாரும் பேசவில்லை,
வெளியே யாரோ டோக்கன் எண் கத்தினார்கள்.

ஒரு கோடு.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
ஒரு கோடுதான்.

அட்டையைப் போட எழுந்தவள்
மஞ்சள் பையா சிவப்புப் பையா என்று தெரியாமல்
அப்படியே நின்றேன்,
பதினோரு வருஷ வேலையும் மறந்து.