வியாழக்கிழமை வரை

வாரத்துக்கு நாற்பதாயிரம் பெசோ.
வெளியூரில் சொன்னால்
ஏதோ அரண்மனைக் கணக்கு என்று நினைப்பார்கள்.
ரொசாரியோவில், எங்கள் தெருவில்,
அது ஐந்து வயிறு, ஏழு நாள்,
மிஞ்சினால் சோப்பு.

வெள்ளி மாலை கூலி கைக்கு வந்ததும்
நடக்கமாட்டேன், ஓடுவேன்.
விடிந்து போனால்
அதே சேமியாப் பொட்டலம்
நேற்று என்ன விலை சொன்னோம் என்பதை
மறந்திருக்கும்.
எல்விரா தன் கடையில்
விலைச்சீட்டின்மேல் விலைச்சீட்டாக ஒட்டியதில்
அலமாரியின் விளிம்பே தடித்துவிட்டது.
ஒருநாள் அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
நாலு அடுக்குக்குக் கீழே
ஏப்ரல் மாதம் இருந்தது.
என்ன மலிவு, அந்த ஏப்ரல்!
அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தோம்.

கறிக்கடையில் ஒவிதியோவிடம்
நாய்க்கு எலும்பு கேட்பேன்.
எங்களிடம் நாய் கிடையாது.
அது அவனுக்கும் தெரியும்.
"பெத்தூனியா எப்படி இருக்கா?" என்பான்.
"இருக்கா, பசிதான் தாங்கமாட்டேங்கிறா."
கொஞ்சம் சதை ஒட்டிய எலும்பாகப் பார்த்துப்
பொறுக்கிச் சுற்றித் தருவான்.
இரண்டு பேரும் சிரிப்பதில்லை.
சிரித்தால் அந்த நாய் செத்துப்போகும்.

சனிக்கிழமை எலும்புச் சாறும் பூசணியும்.
ஞாயிறு, அதே சாற்றில் பருப்பு.
சோளக்கூழ் கிண்டினால் இரண்டு நாள் ஓடும்:
முதல் நாள் கரண்டியால்,
மறுநாள் இறுகியதைக் கத்தியால் வெட்டிப் பொரித்து.
புதன்கிழமையைப் பற்றிக் கேட்காதீர்கள்.
மாத்தே இலையை ஜன்னலில் உலர்த்தி
மறுபடி ஊற்றுகிறோம்,
வெந்நீருக்கு ஒரு ஞாபகம் போல.

வியாழன்தான் மிலனேசா.
அரைக் கிலோ கறியைத் தட்டித் தட்டி,
வெளிச்சம் தெரியும்வரை தட்டி,
ரொட்டித் தூளில் புரட்டி,
ஐந்து துண்டு.
"இதுக்குப் பின்னாடி பேப்பரை வச்சாப்
படிக்கலாம்" என்பான் ரமீரோ.
சொல்லிவிட்டு மெதுவாகத்தான் தின்பான்.

போன வியாழன்
லௌதாரோ ஒரு பையனோடு வந்து நின்றான்.
"இவன் புரூனோ, எங்க கோல்கீப்பர்.
சாப்பிட்டுட்டுப் போகட்டுமா?"
அவனை வைத்துக்கொண்டே கேட்கிறான், பாவி.
"உட்காருப்பா" என்றது வாய்.
தலை வகுத்தல் கணக்குப் போட்டது.

என் துண்டை அவன் தட்டில் வைத்தேன்.
யாரும் இதைத் தியாகம் என்று எழுதிவிட வேண்டாம்,
கடுப்போடுதான் வைத்தேன்.
ரொட்டிக் கூடைக்கு அவன் கை போகும்போதெல்லாம்
எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதற்கு நீண்டபோது
எனக்குள் யாரோ
சீட்டு ஒட்டும் சத்தம் கேட்டது.

அவன் மூன்றாவது ரொட்டியைத் தின்னவில்லை.
பிளந்தான்.
தட்டில் பாதியாய் நறுக்கி ஒதுக்கியிருந்த கறியை
உள்ளே வைத்து மூடி,
உள்ளங்கையால் ஒரு அழுத்து,
பந்தைப் பிடித்தவன் போல.
"காகிதம் ஏதாவது இருக்கா, செஞ்ஞோரா?
தங்கச்சிக்கு."
லௌதாரோ தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"எங்க வீட்லயும் வியாழக்கிழமைதான் கறி.
இந்த வாரம் மட்டும்..."
என்று ஆரம்பித்து
தண்ணீர் குடித்தான்.

கொடுக்க வேறு துண்டு இல்லை.
நீவி மடித்துவைத்த ரொட்டிக்கடைத் தாள் இருந்தது.
அதில் சுற்றினேன்,
கை கொஞ்சம் அதிகமாகவே சுற்றியது,
தாளாவது தாராளமாய் இருக்கட்டும் என்று.

மறுநாள் வெள்ளி.
ஓடினேன், சேமியா, எண்ணெய், உப்பு,
பிறகு ஒவிதியோ.
"பெத்தூனியா எப்படி?"
"குட்டி போட்டிருக்கா."
கத்தி நின்றது.
என்னைப் பார்த்தான்.
"எத்தனை?"
"ரெண்டு" என்றேன்.
அவன் திரும்பி
கொக்கியிலிருந்து
இன்னொரு எலும்பை இறக்கினான்.