சிவப்பு அம்பு

பனியனில் குறை தேடுவது என் வேலை.
டியூப்லைட்டுக்குக் கீழே துணியை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
எதுவானாலும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
திருப்பூரில் பதினோரு வருசம்.
என் கண்ணுக்குத் தப்பியது கொஞ்சம்தான்.

ஆனி மாதம், ஷிப்மெண்ட் வாரம், ராத்திரி ஒன்பதே கால்.
கையில் ஒரு குழந்தைச் சட்டை, வாத்துப் படம் போட்டது.
யாரும் திட்டவில்லை. கெட்ட சேதி ஏதும் வரவில்லை.
சும்மா இருந்த நெஞ்சு
தையல் மோட்டார் மாதிரி உதறியது.
விரல் நுனி மரத்தது. மூச்சு
கழுத்தோடு நின்றுகொண்டது.
செத்துப்போகிறேன் என்பது
சம்பளத் தேதி போல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.
கேஸை மூடினேனா?
சாவுக்கு நடுவில் அதையும் நினைத்தேன்.

தாராபுரம் ரோட்டு ஆஸ்பத்திரியில்
பசை தடவி ஒயர் மாட்டினார்கள்.
வலி கைக்கு இறங்குச்சா? தாடைக்கு?
சில்லுனு வேர்த்துச்சா? மயக்கம்? சர்க்கரை உண்டா?
ரத்தம் எடுத்தார்கள். விடியும்வரை படுக்கவைத்தார்கள்.
காலையில் டாக்டரம்மா காகிதத்தை ஒட்டிப் பார்த்து
"இருதயத்துல ஒரு குறையும் இல்லீங்க" என்றாள்.

சந்தோசப்பட வேண்டியதுதான்.
எனக்குப் பொக்கென்று ஆகிவிட்டது.
அப்படியென்றால் அம்பை எங்கே ஒட்டுவது?
"வெசனத்தை விடு அம்மிணி" என்றார் வீட்டுக்காரர்.
வெசனம்தான் என்னைப் பிடித்திருக்கிறது,
நானா அதைப் பிடித்திருக்கிறேன்?

மறுபடியும் வந்தது. சந்தையில், தக்காளிக் கூடைக்கு முன்னால்.
நோம்பிக்குப் போன இடத்தில், பந்தியில் பாதிச் சோற்றில்.
வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒருநாள் வந்தது.
டவுன் பஸ்ஸை நிறுத்தினேன். சந்தையை நிறுத்தினேன்.
ஒறம்பரை வீடுகளை நிறுத்தினேன்.
பின்னல் துணியில் ஒரு கண்ணி விட்டால்
கீழேவரை ஏணிபோலப் பிரியும்,
எனக்குத் தெரியாதா அது.
பிரிந்தது நான் என்பதால் தெரியவில்லை.

வேலைக்கும் போகாமல் கதவைச் சாத்திக்கொண்ட மூன்றாம் நாள்
துளசிமணிதான் ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள்,
அதே ஆஸ்பத்திரி, மாடியில், பதினாலாம் நம்பர் அறை.
வாசல் பலகையில் 'மனநலம்' என்றிருந்தது.
தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று
முந்தானையை இழுத்துக்கொண்டேன்.
உள்ளே வரிசையில் எங்கள் பழைய சூப்பர்வைசர்.
இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

"பத்து நிமிசம், இருபது நிமிசம்.
அதுக்கு மேல அதுக்கே தெம்பு இருக்காதுங்க" என்றார் அந்த டாக்டர்.
"விரட்டாதீங்க. மூச்சை மெதுவா, நீளமா வெளியே விடுங்க."
ராத்திரிக்கு ஒரு மாத்திரை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேச்சு.
எண்ணச் சொன்னார், எதையாவது.
நான் சேலை ஓரத்தைப் பிடித்துத் தையலை எண்ணுகிறேன்.
சில நாள் நாற்பதில் விடும். சில நாள் முந்நூறு.

தை மாதம், அயர்ன் மாஸ்டர் சென்னியப்பன்
மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
"உன்னாட்டத்தான் அம்மிணி எனக்கும், படபடன்னு.
சித்தெ எண்ணிப் பாக்கறேன், சரியாயிரும்."
ஆவியில் நிற்பவர், எப்போதும் நனைந்த சட்டைதான்.
ஆனால் கை சில்லென்றிருந்தது.
இன்னொரு கை இடது தோளை அமுக்கியபடி.

வித்தியாசம் எனக்குத் தெரியாது.
தெரியாது என்பது மட்டும் தெரியும்.
எண்ணாதீங்க என்று சொல்லி
நூற்றெட்டை அழைத்தேன்.
"லோடு ஏறட்டுமே" என்ற மேனேஜருக்குப்
பதில் சொல்லவில்லை.

தாங்கிப் பிடித்தபோது என் விரலில் இருந்த அம்பு
அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.
ஆம்புலன்ஸ் பையன் அதைப் பார்த்துவிட்டு
"இங்கதான் வலிக்குதுங்களா?" என்று கேட்டான்.
சென்னியப்பன் தலையாட்டினார்.

வண்டி திரும்பிய பிறகு
என் நெஞ்சு ஆரம்பித்தது.
வந்தாயா, உட்கார் என்று
பண்டல் மேல் நானும் உட்கார்ந்து
சேலை ஓரத்தை எடுத்தேன்.
இருபத்தாறுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில்
ஒரு தையல் விட்டிருந்தது.
அதையும் சேர்த்தே எண்ணினேன்.