முதுகில் தைத்த பந்து

தெலாவியில் நாய்களும் அடங்கிவிட்ட நேரம்.
பத்ரியின் குறட்டை,
ஏற்றத்தில் கியர் விழாத வண்டி.
பிறகு நிற்கிறது.
நான் எண்ணத் தொடங்குவேன்.
பதினொன்று. பதினெட்டு. இருபத்தாறு.
முழங்கையால் ஓர் இடி.
முங்கியவன் எழுவதுபோல் மூச்சை அள்ளிக்கொண்டு
மறுபடி அமிழ்வான்.
காலையில் கேட்டால்
"அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன், த்சியாலா."

இருபது வருடம் இப்படி.

கொம்போரி மலைப்பாதையில் ஒருநாள்
பதினாறு பேரை ஏற்றிய வேனில்
கண் செருகியது அவனுக்கு.
பாலாடைக்கட்டிக் கூடையோடு வந்த பெண்
கத்தியிராவிட்டால்...
அதற்குமேல் சொல்லவில்லை.
சூப் ஆறும்வரை அதையே பார்த்திருந்தான்.

மருத்துவர் அதிகம் பேசாதவர்.
எடை குறையணும். மல்லாந்து படுக்காதே. புகை வேண்டாம்.
"ராத்திரி ஒயின்...?" என்று இழுத்தான்.
அவர் பேனாவை மூடினார்.

பத்ரியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
எங்கள் தெருவில் எந்த விருந்துக்கும் அவன்தான் தமதா.
கோப்பையை உயர்த்தி
செத்தவர்களையும் இனிப் பிறக்கப்போகிறவர்களையும் வாழ்த்தி
விடியும்வரை மேசையை நடத்துகிறவன்.
நிலவறையில் அவன் அப்பா புதைத்த தாழி
இன்னும் நுரைக்கிறது.

பனியனின் முதுகில் ஒரு பை தைத்து
டென்னிஸ் பந்தை உள்ளே வைத்தேன்.
(பக்கத்து வீட்டுப் பையன் இன்னும் அதைத் தேடுகிறான்.)
கட்டிலின் தலைமாட்டுக்கு இரண்டு செங்கல்.
புரண்டால் பந்து குத்தும்;
திட்டு எனக்குத்தான், பந்துக்கு அல்ல.
காச்சபுரி பாதியாகி, காலாகி,
ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது.
விடிகாலையில் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி
சட்டை நனைந்து வருவான்.
ஒன்பது கிலோ. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை.
நடுவில் இரண்டு முறை நிலவறைக்கு இறங்கினான்.
அவன் சொல்லவில்லை.
அந்த இரவுகளில் என் முழங்கைக்குத் தெரிந்தது.

அக்டோபரில் நுக்ஸார் மகளின் கல்யாணம்.
கொம்பில் மாதுளைச் சாறு ஊற்றச் சொன்னான்.
யாரோ சிரித்தார்கள்.
பத்ரி எழுந்து நின்றான்.
"மூச்சுக்கு" என்றான்.
அவ்வளவுதான். அவன் சொன்னதிலேயே
மிகச் சின்ன வாழ்த்து.
பதினாறு பேரில் ஒருவர்கூட அங்கே இல்லை.

இப்போது அவன் உறங்குகிறான்.
நான்தான் விழித்துக் கிடக்கிறேன்,
வேலை போன முழங்கையோடு.
பழக்கம் விடுமா, எண்ணத் தொடங்குகிறேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றுக்குள்
அவன் மூச்சு வந்து
கணக்கைக் கலைத்துவிடுகிறது.