இரண்டு பத்துக்கு அப்புறம்

ஐம்பத்து நாலில் கட்டிய வீடுகள்.
தெரு முழுக்க ஒரே வரைபடம்,
ஒன்றுவிட்டு ஒன்றை மட்டும்
இடவலம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.
சிக்கனமா சலிப்பா தெரியவில்லை.
ஒரு கார் நிற்கும் கொட்டகை,
ரோஸ் நிற ஓடு பதித்த குளியலறை,
பனி தள்ளிப் பனி தள்ளி
விளிம்பு உடைந்த சிமெண்டுப் பாதை.

தரகர் எங்களைக் கூட்டிவந்தது
காற்று தெற்கே திரும்பியிருந்த ஒரு ஞாயிறு.
வானத்தில் ஒரு காக்கை. அவ்வளவுதான்.
கையெழுத்துப் போட்ட மறுவாரம்
காற்று தன் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

மினியாபொலிஸின் இந்த ஓரத்தில் யாரும்
ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னதில்லை.
"நாளைக்கு டாக்டரிடம்" என்பான் ஃபௌஸ்தோ,
கையை உயர்த்தி நிறுத்துவான்,
அலமாரியில் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டு
நடுங்கி அடங்கும்.
"போகணும்."
இருபத்திரண்டு வினாடி.
சில கோபம் அதற்குள் ஆறிப்போகும்.
சிலது கூர்தீட்டிக்கொண்டு திரும்பி வரும்.

எனக்கு வேலை விமானச் சமையல்கூடத்தில்.
பீன்ஸ், கோழித்துண்டு, ஒரு கரண்டி சோறு,
மேலே வெள்ளித்தாள்.
ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து நானூறு தட்டு.
மத்தியானம் துணி மடிக்கையில்
அவை என் கூரைக்கு மேலே போகும்,
இன்னும் யாரும் பிரிக்காமல்.

பக்கத்து வீட்டு ஐனார் ட்வெய்ட்
ஆறு வயதில் அப்பாவின் டிரக்கிலிருந்து
இந்தப் புல்லில் குதித்தவராம்.
அப்போது விமானியின் மீசை தெரியும் என்பார்.
பொய்யாக இருக்கலாம்.
பதினேழு வருடமாக
நோட்டுப் போட்டு நேரம் எழுதுகிறார்,
விமான நிலையத்துக்குப் போன் செய்து
புகார் கொடுக்கிறார்.
இடையில் நேரம் கிடைத்தால்
என் குப்பைத்தொட்டியைப் பற்றியும்.

சத்தம் அடக்க மூன்றடுக்குக் கண்ணாடி
இலவசமாய்ப் போட்டுத் தந்தார்கள்.
அதை மூடினால் மழைகூடக் கேட்காது.
ஆகஸ்ட்டில் ஒரு நாள் புயல் அடித்து
மின்சாரம் போய், ஏசி நின்று,
வீடு புழுங்கியதால்தான்
ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

புயலில் தேங்கிய விமானங்கள் எல்லாம்
நள்ளிரவு தாண்டி வரிசையாய் இறங்கின.
நானும் தூங்கவில்லை.
இரண்டு பத்துக்குச் சரக்கு விமானம்
கூரையை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது.
பிறகு ஒரு வெறுமை.
அதில் ஒரு குரல்:
"எழுபத்தொன்று பதினாறு!"

என் வீட்டு எண்.
எட்டு வருடப் பக்கத்து வீட்டுக்காரர்,
என் பெயர் தெரியாது அவருக்கு.

கொட்டகை வழிக் கதவு பூட்டியிருக்கவில்லை.
என் கை சுவரில் சுவிட்சைத் தேடியது,
மின்சாரம் இல்லை என்று தெரிந்தும்.
சுவிட்ச் அங்கே இல்லை.
என் வீட்டில் சமையலறை இருக்கும் திசையில்
கோட்டு மாட்டும் ஆணிகள் கன்னத்தைக் கீறின.
நின்றேன்.
என் வீட்டை மனதில் தலைகீழாய், இல்லை,
இடம் வலமாய்த் திருப்பிப் போட்டேன்.
பிறகு ஒரு மேஜைகூட இடிக்காமல்
குளியலறை வரை நடந்தேன்.

ரோஸ் ஓட்டில் ஒருக்களித்துக் கிடந்தார்.
இடுப்பு.
"ஒன்பதரையிலிருந்து" என்றார்.
"கத்திக்கத்திக் குரலை வீணாக்கக் கூடாது.
ரெண்டு பத்து போனால்
பதினோரு நிமிஷம் காலி.
அதுக்காக வைத்திருந்தேன்."

துண்டை மடித்துத் தலைக்கு வைத்தேன்.
போன் வெளிச்சத்தில் பார்த்தால்
அதே ஓடு, என் வீட்டில் உடைந்த அதே மூலையில்,
அதாவது எதிர் மூலையில்,
அவர் வீட்டிலும் ஒரு விரிசல்.
சொல்லலாமா என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

அடுத்தது வரவேயில்லை.
இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டு
காத்திருந்தோம்.
எட்டு வருடத்தில் முதல்முறையாக
எங்களிடம் இவ்வளவு நீளமான அமைதி இருந்தது,
என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை.

கடைசியில் வந்தது.
ஓடு அதிர்ந்தது. அவர் பல்லைக் கடித்தார்.
ஓசை தேய்ந்ததும்
மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்து,
"நாலு நிமிஷம் தாமதம்.
நோட்டு கூடத்து மேஜையில். எழுது."

எழுதிக்கொண்டிருந்தபோது
ஆம்புலன்ஸ்காரன் பலமாய்த் தட்டுவது கேட்டது,
என் வீட்டுக் கதவை.