மாதிரி

பீன்யா இரண்டாம் கட்டம்.
பிஸ்கட் ஃபாக்டரிக்குப் பின்னால் எங்கள் ஆய்வுக்கூடம்.
காலையில் வெண்ணெய் வாசம்,
மதியத்துக்கு மேல் தார்.

சாலையைத் துளைத்தெடுத்த கரிய உருளைகள்
சாக்குப்பையில் வரும்.
நான்கு அங்குல அகலம். உயரம்தான் கேள்வி.
ஒவ்வொன்றையும் காற்றில் ஒருமுறை நிறுப்பேன்,
கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் ஒருமுறை.
இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்
பொய் சொல்லாது என்று
சேர்ந்த புதிதில் நம்பியிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு வார்டின் பெயரோடு வந்த உருளையின்
விலாவில் ஒரு வெள்ளைக்கல்,
பால்பல் அளவு.
செப்டம்பரில் வேறொரு வார்டு,
அதே இடத்தில் அதே பல்.
தீபாவளிக்கு முன் மூன்று தெருக்கள்
ஒரே பல்லைக் காட்டி இளித்தன.

சித்தலிங்கப்பாவிடம் கேட்டேன்.
காண்டிராக்டரின் ஆள். தங்கமான மனுஷன்.
என் மகளுக்கு டெங்கு வந்தபோது
ராத்திரி இரண்டு மணிக்கு
ரத்தம் கொடுக்க ஆள் அனுப்பியவர்.
"புதுசா போட்ட ரோட்டுல
அத்தனை ஓட்டை போடணுமா மேடம், பாவம்" என்றார்.
"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."
அவர் கையில் கவர் எதுவும் இல்லை.
இருந்திருந்தால் தள்ளிவிட்டிருப்பேன்,
கதை அங்கேயே முடிந்திருக்கும்,
நல்லவளாகப் பஸ் ஏறியிருப்பேன்.

நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று எழுதினேன்.
உண்மைதானே.
அளவில் பிழையில்லை, அடர்த்தியில் பிழையில்லை,
கையெழுத்தும் என்னுடையதுதான்.
தெரு மட்டும் வேறு.

லஞ்சம் என்ற சொல்லை இங்கே யாரும் தொடுவதில்லை.
கொடுக்கிறவர் 'பார்த்துச் செய்யுங்க' என்பார்,
வாங்குகிறவர் 'பார்க்கலாம்' என்பார்.
இத்தனை பேர் பார்த்தும்
எவர் கண்ணிலும் படுவதில்லை.

"மாதிரின்னா சாம்பிளா, லைக்கா?"
வீட்டுப்பாடத்திலிருந்து தலைதூக்கி மகள் கேட்டாள்.
ரெண்டும்தான் என்றேன்.
அப்புறம் தூக்கம் வரவில்லை.

சாலையிலிருந்து எடுத்தது மாதிரி.
சாலை மாதிரி கிடப்பதும் அதுவே.
டெண்டர் மாதிரி ஒரு டெண்டர்.
மேற்பார்வை மாதிரி, வெள்ளைச் சட்டையில் ஒருவர்
பத்து நிமிடம் வெயிலில் நிற்பது.
சோதனை மாதிரி நான் கையுறை மாட்டிக்கொள்வது.
மழைநாளில் பைக்கோடு விழுந்தவனின்
எலும்பு முறிவு மட்டும்
எதன் மாதிரியும் இல்லை.

பதினோராவது முறை வந்தபோது
விளிம்பு உதிர்ந்து உயரம் குறைந்திருந்தது.
நாற்பது.
அத்தனை தெருவாக வாழ்ந்த களைப்பு.
நாற்பத்திரண்டு என்றே எழுதினேன்.
எண்ணிப் பார்த்தால் அதுதான் என் முதல் பொய்.

அன்று மாலை அதை
டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
திருட்டுதான். தெரியும்.
சித்தலிங்கப்பா தேடவில்லை, கேட்கவில்லை.
அடுத்த வாரம் வேறொரு உருளை வந்தது,
வெள்ளைக்கல் இல்லாமல்.

ஒன்றுதான் விடாமல் அரிக்கிறது.
இதுவும் எங்கிருந்தோ வெட்டியதுதானே.
எங்கோ ஒரு தெருவில்
சொன்ன கனத்துக்குத் தார் கொட்டியிருக்கிறார்கள்.
யாராவது பெரிய மனிதரின் வாசலோ,
கணக்கில் நேர்ந்த பிசகோ,
இல்லை, எவனோ ஒருவன்
வேலையை வேலையாகச் செய்துவிட்டானோ.
ஊரிலேயே யோக்கியமான தெரு,
அதில் என் உள்ளங்கை அகலத்துக்கு
ஒரு குழி.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேடுகிறேன்.
ராஜாஜிநகர், மத்திகெரே, ஜாலஹள்ளி கிராஸ்.
குழிகளுக்குப் பஞ்சமில்லை.
வட்டமாக ஏதாவது தென்பட்டால்
குனிந்து, பையிலிருந்து எடுத்து,
வைத்துப் பார்க்கிறேன்.
நேற்று யஷ்வந்த்பூரில் ஓர் இளநீர்க்காரர்
அரிவாளை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"ஏம்மா, கார்ப்பரேஷனா?"

"அந்த மாதிரி" என்றேன்.